கல்ஃப் இல்ல தம்பி, கோல்ஃப்!

"தம்பி, கோல்ஃப் போகணும். நாலு நல்ல இடமாப் பாத்து லிஸ்ட் போட்டு வை" என்றார் பாய்.

நான் கெட்டிக்காரன். மாலை 4 மணிக்குள் துபாய், ஷார்ஜா, தோஹா, மஸ்கட் என்று நாலு ஊர், சென்னையிலிருந்து டிக்கெட் விலை, எந்த ஊரில் நம்ம ஊர்க்காரர் யார் இருக்கிறார் என்பது வரை டைப் செய்து அவர் மேஜையில் வைத்துவிட்டேன். என் மேல் தப்பில்லை சார். ஆம்பூரில் தெருவுக்கு நாலு பேர் கல்ஃபில் இருக்கிறார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த வார்த்தைக்கு வேறு என்ன அர்த்தம் எடுப்பது?

பாய் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அரே, கல்ஃப் இல்ல தம்பி... கோல்ஃப்! குச்சியால அடிப்பாங்களே!"

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியில் பி.காம். பகலில் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் பார்ட் டைமாகக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இரண்டுமே எனக்கு டேலி ஆனதில்லை. (ஆம்பூர், வேலூர் மாவட்டம் என்று போட்டு எனக்குக் கடிதம் எழுதும் அன்பர்களே, 2019-லிருந்து நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம். பிரியாணி மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.)

விஷயம் இதுதான். பாயின் ஷூவை வாங்குகிறவர் ஒரு ஜெர்மன்காரர். வயது அறுபதுக்கு மேல். இருபது வருஷப் பழக்கம். முந்தின சீசனில் அனுப்பிய ப்ரவுன் ஷூவில், இடது கால் ஒரு ப்ரவுன், வலது கால் இன்னொரு ப்ரவுன் என்று பெரிய லாட்டாகத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த சீசன் ஆர்டர் பற்றிப் பேச்சே இல்லை. பாய் போன் செய்தால், "பிப்ரவரியில் கிழக்கே விடுமுறைக்கு வருகிறேன், கோல்ஃப் ஆடப்போகிறேன், அங்கே வேண்டுமானால் சந்திக்கலாம்" என்று பதில். பாயும் விடவில்லை. "இடத்தை நாங்க ஏற்பாடு பண்றோம், செலவும் எங்களது" என்று சொல்லிவிட்டார். ஜெர்மன்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மைதானம் பார்க்க அழகாக இருக்க வேண்டும்.

ஆக, கம்பெனியில் முந்நூறு பேருக்கு அடுத்த ஆறு மாத வேலை, கோல்ஃப் குச்சியைக் கையால் தொடாத ஒருவன் போடும் லிஸ்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒருவன், அடியேன்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 46 கிராமுக்கு மேல் போகக்கூடாத ஒரு சின்னப் பந்தை, நாலேகால் அங்குல அகலக் குழியில் போட வேண்டும். குழி முந்நூறு, நானூறு மீட்டர் தள்ளி இருக்கும். மொத்தம் 18 குழி. ஏன் 18 என்றால், ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 22 இருந்ததை 1764-ல் 18 ஆகக் குறைத்தார்கள், உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. எல்லா ஆட்டத்திலும் அதிகம் எடுத்தவன் ஜெயிப்பான். இதில் குறைச்சலாக அடித்தவன் ஜெயிப்பான். பி.காம் படித்தவனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? செலவைக் குறைத்தால் லாபம்!

சரி, லிஸ்ட்.

என் முதல் லிஸ்ட்டைப் படங்களைப் பார்த்துப் போட்டேன். பாலித் தீவில் பழைய எரிமலை வாய்க்குள்ளே ஒரு மைதானம், பெடுகுல் பக்கம் ஹண்டாரா. ஃபூக்கெட்டில் ப்ளூ கேன்யன், 1998-ல் டைகர் வுட்ஸ் ஜெயித்த இடம். சிங்கப்பூருக்கு எதிரே பின்டான் தீவில் கடல் பாறைமேல் ஒன்று. வியட்நாமில் தலாத் மலைமேல் ஒன்று. நாலு படமும் காலண்டரில் போடலாம். லிஸ்ட்டைப் பார்த்த என் நண்பன், வேலூரில் டிராவல்ஸ் வைத்திருப்பவன், தலையில் அடித்துக்கொண்டான்.

"டேய், நாலு மைதானம், மூணு நாடு. இந்த ஆள் ஆடறதைவிட ஏர்போர்ட்ல க்யூல நிக்கறதுதான் ஜாஸ்தியா இருக்கும். பிப்ரவரியில பாலியில மழை வேற!"

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கோல்ஃப் மைதானத்தின் படமும் கல்யாண மாப்பிள்ளையின் படமும் ஒன்று. எல்லா மைதானத்திலும் 18-ல் ஒரே ஒரு குழியை மட்டும் கடலோரத்திலோ ஏரிக்கு நடுவிலோ வைத்து, சாயங்கால வெயிலில் படம் எடுத்துவிடுகிறார்கள். மீதி 17 குழி எப்படி இருக்கும் என்பது தாலி கட்டிய பிறகுதான் தெரியும்.

அதனால் படத்தை மூடி வைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கையில் எடுத்தேன். அந்த மாதத்தில் அங்கே மழையா, வெயிலா? ஏர்போர்ட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இந்த மனிதரால் அங்கே நடக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ஜெர்மன்காரரே பதில் எழுதினார். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஆனால் வண்டியில் போக மாட்டேன், நடந்தால்தான் மைதானம் கண்ணில் படும், தட்டையாக இருந்தால் நல்லது என்று. அந்த ஒரு வரியில் என் அழகான படங்களில் பாதி அடிபட்டுப் போனது. நீங்களும் போவதாக இருந்தால், மழைக் கணக்கை மட்டும் மறக்காதீர்கள். ஃபூக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தாய்லாந்து சுகம். ஏப்ரலில் நம் சித்திரை வெயில் அங்கேயும் அப்படியே இருக்கும். அவர்களுக்கும் அப்போதுதான் வருஷப் பிறப்பு, தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள்.

கடைசியில் இரண்டு நாடு, மூன்று மைதானம் என்று முடிவானது. "தம்பி, நீயும் வா. கணக்கு எழுத ஆள் வேணும்" என்றார் பாய். நள்ளிரவு விமானத்தில் சென்னையிலிருந்து கோலாலம்பூர் புறப்பட்டோம். பாயின் பெட்டியில் பாதி, பார்சல் கட்டிய ஆம்பூர் பிரியாணி. கோலாலம்பூர் கஸ்டம்ஸில் என்ன ஆகுமோ என்று நான் வழியெல்லாம் பயந்துகொண்டே போனேன். பயப்பட்டிருக்கத் தேவையில்லை. விமானத்திலேயே தீர்ந்துவிட்டது.

முதல் நாள், கோலாலம்பூருக்குத் தெற்கே மைன்ஸ் என்ற மைதானம். பெயரிலேயே சுரங்கம் இருக்கிறது பாருங்கள். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய திறந்தவெளி வெள்ளீயச் சுரங்கம் என்று பெயர் வாங்கிய குழி அது. 1985-ல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை விழுந்தது, மலேசியாவில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. இந்தக் குழியில் தண்ணீரை நிற்கவிட்டு, கரையில் புல் வளர்த்து, ஓட்டல் கட்டி, கோல்ஃப் மைதானமும் போட்டுவிட்டார்கள். 1999-ல் உலகக் கோப்பை கோல்ஃப் இங்கேதான் நடந்தது. டைகர் வுட்ஸும் மார்க் ஓமேராவும் அமெரிக்காவுக்காக ஜெயித்தார்கள்.

ஏரியைப் பார்த்தால் சுரங்கம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். அப்படி ஒரு பச்சை, அப்படி ஒரு நீலம். ஜெர்மன்காரர் முதல் அடியிலேயே பந்தை ஏரிக்குக் கொடுத்தார். இரண்டாவதையும் கொடுத்தார். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்: பந்து, 2.

பாய் ஆடவில்லை. அவர் வந்தது ஆடுவதற்கு இல்லை. பக்கத்திலேயே நடந்து வந்தார். ஜெர்மன்காரரின் கையுறையை வாங்கி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். நாற்பது வருஷம் தோலில் ஊறிய விரல்.

"ஆட்டுத்தோல். கம்பளி ஆடு இல்ல, முடி ஆடு. நல்ல பதம்" என்றார் என்னிடம். அது சரிதான். கோல்ஃப் கையுறைக்கு நல்ல தோல் என்றால் வெப்ப நாட்டு முடி ஆட்டின் மெல்லிய தோல்தான். கம்பளி ஆட்டின் தோலில் கொழுப்பு அதிகம், இழை தளர்ச்சி. "இன்னொரு கைக்கு எங்கே?" என்று கேட்டார் பாய். வலது கைக்காரர்கள் இடது கைக்கு மட்டும்தான் போடுவார்கள், கடையிலேயே ஒற்றையாகத்தான் விற்பார்கள் என்று விளக்கினேன்.

பாய் நடையை நிறுத்திவிட்டார்.

"ஒத்தையா விக்கறாங்களா? அப்ப ஜோடி சேக்கற பிரச்னையே இல்லையே! ஷேடு ஒட்டலைன்னு எவனும் சொல்ல முடியாதே! தம்பி, இத்தனை வருஷம் நாம தப்பான சரக்கு பண்ணிட்டிருக்கோம்!"

ஜெர்மன்காரர் என்ன ஜோக் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. அந்த ப்ரவுன் ஷூவை மூன்று பேருமே அதுவரை வாயில் எடுக்கவில்லை.

ஒன்பதாவது குழிக்கு அப்பால் ஜெர்மன்காரரின் பந்து மணலில் விழுந்தது. வேண்டுமென்றே மணலைக் கொட்டிப் பள்ளம் வைத்திருப்பார்கள், பங்க்கர் என்று பெயர், அதில் விழுந்தால் எடுப்பது கஷ்டம், அது ஒரு தண்டனை மாதிரி என்று பாய்க்குச் சொன்னேன். பாய் மணலைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார்.

"இவங்க குழியில தண்ணியை நிரப்பி, வெளியில ஒரு கைப்பிடி மணலை தண்டனைன்னு வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல ஆறே பங்க்கர் தம்பி."

சிரித்தேன். சிரித்த பிறகுதான், அவர் சிரிக்கவில்லை என்று கவனித்தேன்.

ரயிலில் ஆம்பூரைத் தாண்டியிருப்பவர்களுக்குப் பாலாறு தெரியும். ஆறு என்று போர்டு வைத்திருப்பதால் ஆறு. (2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.) தண்ணீர் இல்லாததற்கு மழையும், மேலே கட்டிய தடுப்புகளும், அள்ளிய மணலும் என்று பங்காளிகள் பலர். இருந்த தண்ணீர் கெட்டதற்குக் காரணம் யார் என்பதில் அவ்வளவு குழப்பமில்லை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவனே சரிசெய்யும் செலவையும் கொடுக்க வேண்டும் என்ற வார்த்தை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக விழுந்தது அந்தத் தீர்ப்பில்தான். டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். இன்றைக்கும் சட்டக் கல்லூரிப் பையன்கள் எங்கள் ஊர்ப் பெயரை மனப்பாடம் செய்துதான் பரீட்சை எழுதுகிறார்கள். பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.

"எங்க அப்பா காலத்துல ஆத்துல ரெண்டு முழம் தோண்டினா ஊத்துத் தண்ணி. ஆவாரம் பட்டையில தோல் பதம் போட்டுட்டு இருந்த காலம். அப்புறம் க்ரோம் வந்துச்சு, ஆர்டர் வந்துச்சு..." என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. ஜெர்மன்காரர் பந்தைத் தேடிக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

எனக்கு வேறு ஒரு குழி ஞாபகம் வந்தது. ஆம்பூரிலிருந்து மேற்கே எட்டிப் போனால் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்து எத்தனை குடும்பங்கள் அங்கே பூமிக்குள் இறங்கப் போயின! வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அங்கே கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. பந்து பொறுக்கியது நம் ஆட்கள். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். இங்கே போல ஏரியும் ஓட்டலும் வரவில்லை. சயனைடு மண் மேடுகள்தான் மிச்சம். அதில் சினிமா எடுத்தார்கள்.

இரண்டாம் நாள் காரில் கேமரன் ஹைலண்ட்ஸ். கோலாலம்பூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஆம்பூர், சென்னை தூரம்தான். ஆனால் கடைசிப் பகுதி முழுக்க வளைவு. பாய்க்குத் தலை சுற்றியது, எனக்கு வயிறு சுற்றியது, ஜெர்மன்காரர் தூங்கினார்.

படத்தை நம்பி எடுக்காத மைதானம் இது. படத்தில் ஒன்றுமே இருக்காது. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில், ரோட்டோரமாக, பள்ளத்தாக்கின் அடியில் நீளமாகக் கிடக்கும் புல்வெளி. 1930-களில் வெள்ளைக்காரர்கள் போட்டது. சுற்றிலும் மலை, காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம், நம் ஏற்காடு மாதிரி குளிர். காலை 7 மணிக்குப் பனி இறங்கி முதல் குழியின் கொடியே தெரியவில்லை. ஜெர்மன்காரர் பனியைப் பார்த்து அடித்தார். பந்து எங்கே போனது என்று மூவருக்குமே தெரியவில்லை. சத்தம் மட்டும் நன்றாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் திரை விலகுவது போல் பனி விலகியது. அடேயப்பா! இதை எந்தப் படத்திலும் எடுக்க முடியாது சார். பச்சை என்றால் ஒரு பச்சை இல்லை, மலைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, காலடியில் ஒன்று. ஒரு சின்ன ஓடை ஆட்டத்துக்குக் குறுக்கே வந்து வந்து போகிறது. ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். முழங்காலைப் பற்றிப் புகார் சொல்லாமல் 18 குழியும் நடந்தார். மத்தியானம் 2 மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அந்த மலையில் பகல் சாய்ந்தால் அடிக்கடி அப்படித்தான். அங்கே ஆடுவதானால் காலையிலேயே ஆடி முடித்துவிடுங்கள்.

மழைக்கு ஒதுங்கிய கடையில் தோசை கிடைத்தது. கடைக்காரர் தமிழர். பாட்டனார் காலத்தில் தேயிலைக்கு வந்த குடும்பம். போ என்ற பெரிய தேயிலைக் கம்பெனி 1929-ல் தொடங்கியது. இந்த மலையில் அதன் தோட்டங்களில் காட்டை வெட்டிச் செடி நட்ட கைகளில் நிறைய நம் கைகள். "கோல்ஃப் ஆட வந்தீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "கணக்கு எழுத வந்தேன்" என்றேன். "அதானே!" என்று ஒரு தோசை கூடப் போட்டார்.

இதே மலையில்தான், தாய்லாந்துப் பட்டை உலகத்துக்கு விற்ற ஜிம் தாம்ப்ஸன் என்ற அமெரிக்கர், 1967 மார்ச் 26-ம் தேதி மத்தியானம் பங்களாவிலிருந்து வெளியே போனவர் திரும்பவே இல்லை. மலை முழுக்கத் தேடியும் ஒரு பட்டன்கூடக் கிடைக்கவில்லை. நான் இதைச் சொன்னதிலிருந்து பாய் ஜெர்மன்காரரைக் கண்ணிலிருந்து விடவே இல்லை. ஆர்டர் வாங்கும் முன் வாங்குகிறவர் தொலைந்தால் என்ன செய்வது?

அடுத்த நாள் கோலாலம்பூரிலிருந்து பாங்காக்குக்கு விமானம். டான் மியூங் ஏர்போர்ட்டில் இறங்கும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள். இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவில் விமானப்படையின் கோல்ஃப் மைதானம், காந்தரத் என்று பெயர். பக்கத்தில் விமானம் இறங்குகிறது, ஒரு ஆசாமி குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விமானம் வரும்போது சிவப்பு விளக்கு போட்டு ஆட்டத்தை நிறுத்துவார்களாம். "இதை ஏன் லிஸ்ட்ல போடல?" என்று பாய் கேட்டார். அழகான மைதானம் கேட்டார்கள், ஆபத்தான மைதானம் கேட்கவில்லை.

பாங்காக்கிலிருந்து ஹூவா ஹின். மறுபடியும் சுமார் 200 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். தாய்லாந்தில் முதன்முதலாக முறையாகப் போட்ட கோல்ஃப் மைதானம் இங்கேதான், ராயல் ஹூவா ஹின், 1924. போட்டவர் ராபின்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரயில்வே இன்ஜினீயர். அதனால் மைதானம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சிவப்பும் வெளுப்புமாக மரத்தில் கட்டிய பழைய நிலையம், ஊரிலேயே அழகான கட்டடம். 2023 டிசம்பரிலிருந்து ரயில்கள் பக்கத்தில் தூண் மேல் கட்டிய புது நிலையத்துக்குப் போய்விட்டன. பழையது போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு.

இந்த ஊர் மன்னருக்குக் கோடை வாசஸ்தலம். அரண்மனையின் பெயர் கிளாய் காங்வோன், 'கவலைக்கு வெகு தூரம்' என்று அர்த்தம். 1932 ஜூன் 24-ம் தேதி பாங்காக்கில் புரட்சி நடந்து மன்னராட்சியின் முழு அதிகாரம் போனபோது, ஏழாம் ராமா இங்கேதான் இருந்தார். கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது என்று சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போயும் கவலை தேடிக்கொண்டு வந்துவிட்டது!

தாய்லாந்து மைதானங்களில் கேடி இல்லாமல் உள்ளே விடுவது அபூர்வம். பயப்படாதீர்கள். நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் போடுவார்கள். அங்கே கேடி என்றால் பையைத் தூக்கி, பந்தைத் தேடி, எந்தக் குச்சி எடுப்பது என்று சொல்லிக்கொடுப்பவர். பெரும்பாலும் பெண்கள்தான். தலையில் அகலத் தொப்பி, முகத்தில் துணி, ஒரு அங்குலம் வெயில் படாது. எங்களுக்கு வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஜெர்மன்காரர் ஆறாம் நம்பர் குச்சி கேட்டால், இவர் ஏழைக் கையில் திணிப்பார். திணித்தது சரியாகவே இருக்கும். ஆட்டம் முடிந்ததும் டிப்ஸ் கொடுப்பது கட்டாய மரியாதை. பட்ஜெட்டில் முதலிலேயே போட்டுவையுங்கள். மைதானக் கட்டணம், கேடி கட்டணம், டிப்ஸ் என்று மூன்று தலைப்பு. பாட்டை இரண்டரை, மூன்றால் பெருக்கி ரூபாயில் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. வார நாட்களில் போனால் பரவாயில்லை.

ஒரு குரங்கு வந்தது. புல்லில் இருந்த பந்தை எடுத்துக் கடித்துப் பார்த்தது. ருசி பிடிக்கவில்லை, ஆனாலும் கொண்டு போய்விட்டது. நோட்டில் எழுதினேன்: பந்து, 11.

மைதானத்தின் பின்பாதி மேட்டில் ஏறுகிறது. தட்டையான மைதானமாகப் பார்க்கச் சொன்னவருக்கு நான் செய்த ஒரே துரோகம் இது. மெதுவாகத்தான் ஏறினார். மேலே போனதும் மரங்களுக்கு மேலே கடல் தெரிந்தது. ஊர், ரயில் பாதை, கோயில் கூரை, அப்புறம் கடல். அவர் அடிக்கவில்லை. குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றபடியே, திரும்பாமல், கேட்டார்.

"அந்த ப்ரவுனில் என்னதான் நடந்தது?"

நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கெமிக்கல் சப்ளையர் மேல் போட்டு ஒன்றரைப் பக்கம் கடிதம், டைப் செய்து பையிலேயே இருந்தது. பாய் என்னைப் பார்த்தார். கடிதம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். ஆனால் அவரே சொன்னார்.

"தண்ணி சார். எங்க போர் தண்ணி இறங்கிப்போச்சு. அந்த வாரம் டேங்கர்ல வாங்கினோம். பாதி லாட் ஒரு தண்ணியில சாயம் போட்டது, மீதி லாட் வேற தண்ணியில. உப்பு ஜாஸ்தி. எனக்கு அப்பவே கண்ணுல தெரிஞ்சுது. ஷிப்மெண்ட் தேதி வந்துட்டுதுன்னு அனுப்பிட்டேன். தப்பு என்னுது."

ஜெர்மன்காரர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு காலுக்குக் கீழே இருந்த புல்லைப் பார்த்தார். இந்தப் புல்லும் சும்மா வளரவில்லை, தண்ணீர் குடிக்கிறது, உரம் குடிக்கிறது. 1993-ல் மலேசியா, தாய்லாந்து, ஜப்பான் நாட்டுக்காரர்கள் சேர்ந்து கோல்ஃப் எதிர்ப்பு இயக்கமே நடத்தி, ஏப்ரல் 29-ஐ கோல்ஃப் இல்லாத தினம் என்று அறிவித்தார்கள். விவசாயத்துக்கு இல்லாத தண்ணீர் பந்து அடிக்க எதற்கு என்பது அவர்கள் கேள்வி. பி.காம் பாஷையில், இங்கே வரவு என்றால் எங்கேயோ பற்று. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது, ஆனால் ஆர்டர் பேசும் இடத்தில் அதையெல்லாம் சொல்ல நான் யார்?

"பாதி ஆர்டர் தருகிறேன்," என்றார் ஜெர்மன்காரர். "ஒவ்வொரு லாட்டுக்கும் சாயம் போடும் முன் தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட் எனக்கு வர வேண்டும். அது சரியாக வந்தால் மீதிப் பாதி."

பிறகுதான் அடித்தார். அன்றைக்கு அவர் அடித்ததிலேயே நல்ல அடி. கேடி அம்மாள் கை தட்டினார். பாயும் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்.

பாதி ஆர்டர் என்றால் முந்நூறு பேரில் எத்தனை பேருக்கு வேலை என்று நான் இறங்கும்போதே மனதில் கணக்குப் போட்டேன். எல்லாருக்கும் வராது. ஓவர்டைமை நிறுத்தினால் பெரும்பாலோரை வைத்துக்கொள்ளலாம். பாயும் அதையே போட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். கார் வரும் வரை இருவரும் பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு மூட்டை கட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தடவையே கடல் தாண்டிப் பந்தைத் தொலைக்காதீர்கள். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-லிருந்து இருக்கிறது. அங்கே காட்டெருமை மேய்ந்துகொண்டிருக்கும், அது நகரும் வரை காத்திருந்துதான் ஆட வேண்டும். ஊட்டியிலும் இருக்கிறது, மேடும் பள்ளமும் மஞ்சள் பூவுமாக. இரண்டு இடத்திலும் சும்மா ஒரு நாள் முன்னால் போன் செய்து, வெளியாட்களை விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு என் ஓட்டு கேமரனுக்கு, பனி விலகும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு.

மார்ச் மாதம் ஆடிட்டர் வந்தார். வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒன்றில் பென்சிலை நிறுத்தினார்.

"கோல்ஃப் பந்து, 14. கம்பெனி செலவுன்னு எழுதியிருக்கீங்க. சரக்கு இருப்பு எங்கே?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"ஏரியில ஒம்பது, பனியில ஒண்ணு, குரங்குகிட்ட ஒண்ணு. மீதி மூணு எங்கன்னு தம்பிதான் சொல்லணும்."

மீதி மூணு என் பையன்களிடம் இருக்கிறது. பாலாற்று மணலில் ஆடுகிறார்கள்.